ஆள் ஏற்றிப் பார்க்காத வண்டி

அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளைக்கு மச்சினிகள் வைத்த பெயர் ‘பத்திரம்’. யார் வாசல் தாண்டினாலும், அது தெருமுனைக் கடைக்கே ஆனாலும், “பத்திரம்” என்று சொல்லாமல் அவனால் அனுப்ப முடியாது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். தொழில், தண்ணீர் பம்பு பழுது பார்ப்பது. அவன் பூட்டிய பம்பு ஒழுகியதாக வரலாறு கிடையாது. ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு, முடுக்கினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் முடுக்குவான்.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் மாமியார் நாலு ராட்சச டயர்களைக் கொண்டுவந்து காட்டினார்.

“ரிம்மோடவே வாங்கிட்டேன் மாப்பிள்ளை. பழசைக் கழட்டி இதை மாட்ட வேண்டியதுதான். நாலு நட்டு, நாலு சக்கரம். உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

வண்டி அவர்களுடைய தோட்டத்து வண்டி. கதவு கிடையாது. இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கூண்டு. ஓட்டுகிறவரும் இன்னொருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி. காடு மேடெல்லாம் ஏறும். விற்ற கடைக்காரர் அதைப் ‘பக்கி’ என்பார். வாங்கின புதிதில் அவர் போன் செய்து, “பக்கி எப்படிம்மா இருக்கு? ஒழுங்கா ஓடுதா?” என்று கேட்க, மாமியார் தன் கணவரைப் பார்த்துக்கொண்டே, “ஓட்டமெல்லாம் எங்க, சாப்பிட்டுட்டுத் தூங்குது” என்று பதில் சொன்ன கதை அந்தக் குடும்பத்தில் பிரசித்தம்.

மாப்பிள்ளை குனிந்து டயரின் ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்தான். வண்டியில் இருந்தது இருபத்தாறு இஞ்ச். வந்திருப்பது முப்பது. நாலு இஞ்ச்தானே என்று வாயால் சொல்லிவிடலாம். வண்டி உயரும், உயர்ந்தால் சரிவில் சாயப் பார்க்கும். டயரின் கனத்துக்கு எஞ்சினின் பெல்ட் திணறும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் எங்கே போய் உரசுமோ யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் அவன் சொல்லத்தான் செய்தான்.

மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “அன்னைக்கு இந்த டயர் இருந்திருந்தா வண்டி வயிறு தட்டியிருக்காது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருவதாக அவன் ஒப்புக்கொண்டான். போன மழைக்காலத்தில் மேல் தோட்டத்தில் எலுமிச்சை பறித்துக்கொண்டிருந்த மாமனாருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது. மாமியார் தனி ஆளாக அவரை வண்டியில் தூக்கிப் போட்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஓடையைக் கடக்கும்போது வண்டியின் அடிவயிறு ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சும்மா சுற்றின. இன்னொரு தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துப் போடும்வரை ஒன்றரை மணி நேரம். மாமனார் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை இன்றுவரை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலையும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

“அம்மாகிட்ட இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?” என்று அன்றிரவு அவன் மனைவி கேட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நாற்பது பிள்ளைகளிடம் நாள் முழுக்க இல்லை, கூடாது, முடியாது என்று சொல்லிப் பழகியவள்.

“நீ சொல்லேன்.”

“ஐயோ, நான் சொல்ல மாட்டேன்பா. அவங்க எங்கம்மா.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் வேலையை ஆரம்பித்துவிட்டான். தோட்ட வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நாலு மூலையிலும் கட்டை கொடுத்து நிறுத்தினான். பழைய சக்கரங்களைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தான். புதியது ஒவ்வொன்றையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி மாட்டவேண்டியிருந்தது. முன்பக்கப் பிளாஸ்டிக் மட்கார்டின் உள்விளிம்பு டயரைத் தொட்டது. அதைச் சூடான காற்று ஊதும் கருவியால் இளக்கி, கையுறை போட்டு உள்ளே அழுத்தி மடக்கினான். மடங்காத இடத்தைக் கத்தியால் சீவினான். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை வலது கடைசிவரை ஒடித்துக் குனிந்து பார்த்தான். இடது கடைசிவரை ஒடித்துப் பார்த்தான். டயருக்கும் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். போனது. சரி.

நட்டுகளை இரண்டு தடவை முடுக்கினான். மூன்றாவது தடவைக்குப் போகும்போது மாமியார் வந்துவிட்டார்.

“ஆச்சா? மேல கன்னுங்க எல்லாம் ரெண்டு நாளா தண்ணியில்லாம வாடுது.”

“கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துட்டு...”

“நான் ஓட்டறதே ஓட்டிப் பாக்கறதுதானே.”

சொல்லிக்கொண்டே பின்தொட்டியில் மூன்று தண்ணீர் டிரம்களை ஏற்றச் சொல்லிவிட்டார். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மாமனார் தொப்பியை மாட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி வந்து நின்றார். உடம்புக்கு வந்தபிறகு மேல் தோட்டத்தைப் பார்க்கவே இல்லையாம், இன்றைக்குப் போயே ஆகவேண்டுமாம். முகத்தில் சுற்றுலா கிளம்பும் பிள்ளையின் சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படித் தடுப்பது? அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, பெல்ட்டைப் போட்டு, அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தான்.

“பத்திரம்” என்றான்.

“சொல்லலையேன்னு பாத்தேன்” என்று சிரித்தார் மாமனார். வண்டி, வாசல் கேட்டருகே இடப்பக்கமாக ஒடித்துத் திரும்பி, மண்பாதையில் ஏறி மறைந்தது. அப்போது மணி பத்து.

அவன் கொட்டகையைக் கூட்டினான். சீவிப்போட்ட பிளாஸ்டிக் துண்டுகளை அள்ளினான். சாமான்களைத் துடைத்துப் பையில் அடுக்கினான். மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏறப் போதுமான பெட்ரோல் இருந்ததா? இருந்தது. நட்டு? ரெண்டு தடவை. பிறகு என்ன? ஒன்றுமில்லை, உன் புத்தி அப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பதினொன்று அடிக்கும் நேரத்தில் கேட்டைச் சாத்தப் போனான். வண்டி திரும்பின இடத்தில், சிமெண்டுத் தரையில், கறுப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. ரப்பரால் அழித்தால் தாளில் உதிருமே, அந்த மாதிரித் துணுக்குகள். டயர்தான் எங்கேயோ லேசாக உரசியிருக்கிறது, புது டயர், உதிரத்தான் செய்யும். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டே குனிந்து ஒன்றை எடுத்தான். மெல்லிய தோல் மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

டயரின் மேல்பரப்பில் நூல் இருக்காது. நூல் இருப்பது குழாயில். பம்புக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே ரப்பர், உள்ளே நூல் பின்னல், அதற்கும் உள்ளே எண்ணெய்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விரலை விட்டுப் பார்த்தபோது வண்டி காலியாக நின்றது. ஆள் இல்லை, சாமான் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து, மூன்று டிரம் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. அமுங்கினதும் அந்த ஒரு விரல் இடம் காணாமல் போய்விட்டது. இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் டயர் பிரேக் குழாயை அரம்போலத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. மேலே போக ஆறு இடது வளைவுகள்.

அந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய். ஒரு குழாய் அறுந்தால் மொத்தமும் போச்சு.

மாமியாருக்குப் போன் அடித்தான். சமையலறை ஜன்னலில், சார்ஜில் கிடந்த போன் பாட்டுப் பாடியது. மாமனாருக்கு அடித்தான். எல்லைக்கு அப்பால் என்றது. ஏறும்போது பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை, இறங்கும்போதுதான் எமன். ஏற நாற்பது நிமிஷம், தண்ணீர் ஊற்ற அரை மணி. கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்நேரம் இறங்கக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

சாமான் பையைத் தோளில் மாட்டி மோட்டார் சைக்கிளை உதைத்தான். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. சாவியைத் திருப்பவே மறந்திருந்தான்.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். தாண்டினான். அதற்கப்புறம் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் புதரும் பள்ளமும். வழியில் புது டயர்களின் பெரிய பெரிய பல் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு இடது வளைவிலும் தடத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தான், எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று. முதல் வளைவில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஒரு காசு அளவுக்கு ஈரம். டிரம் தண்ணீர் தளும்பியிருக்கும் என்று நினைத்தான். இறங்கித் தொட்டுப் பார்த்தான். விரல் வழுக்கியது.

நான்காவது வளைவை நெருங்கும்போது மேலேயிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு, வளைவுக்கு மேலே, பாதை கொஞ்சம் சமமாக இருக்கும் இடத்துக்கு ஓடினான். நடுப்பாதையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். ஆட்டும்போதே இன்னொரு பயம் பிடித்தது. நம்மைக் கண்டு திடீரென்று பிரேக்கை அழுத்தினால்? அந்த அழுத்தத்திலேயே குழாய் வெடித்தால்? உடனே கையைத் தாழ்த்தி, “மெதுவா! மெதுவா!” என்று கத்தினான். எஞ்சின் சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது.

வண்டி அவனை நோக்கி வந்தது. நின்றது. நின்றுவிட்டு ஒரு முழம் நழுவியது. மறுபடி நின்றது.

“என்ன மாப்பிள்ளை, சாப்பாட்டுக்குக் கூப்பிட இவ்வளவு தூரமா வந்தீங்க?” என்றார் மாமியார்.

அவன் இரண்டு கல்லை உருட்டி வந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தான். இன்னும் இரண்டு. பிறகுதான் வாய் திறந்தான். “அத்தை, பிரேக் எப்படி இருக்கு?”

“ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது. புது டயர்ல அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்.”

“நான் சொன்னேன்” என்றார் மாமனார். “வளைவுல எல்லாம் சர்ருனு ஒரு சத்தம் வருதுன்னு சொன்னேன். உங்களுக்குக் காது கேக்கறதே அதிசயம்னுட்டா.”

அவன் படுத்து, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான். குழாயின் கறுப்புத் தோல் போய், வெள்ளைப் பின்னல் தெரிந்தது. பின்னலில் பாதி அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் எண்ணெய் வியர்வை மாதிரி முத்து முத்தாக நின்றது.

விஷயத்தைச் சொன்னான். மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். “இன்னும் பாதி வழிதானே. கியர்லயே மெதுவா இறக்கிடறேன். இவரை இங்க வெயில்ல வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“இல்ல அத்தை.”

“நான் இருபது வருஷமா இந்தப் பாதையில...”

“இல்லன்னா இல்லதான். வண்டி நகரக்கூடாது. இறங்குங்க, சாவியைக் குடுங்க.”

குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததுதான் அவனை இன்னும் கலவரப்படுத்தியது.

மாமனாரைக் கைத்தாங்கலாக இறக்கி நிழலில் உட்கார வைத்துவிட்டு, கீழே பறந்தான். மாமனாரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. வண்டியைச் சரி செய்துதான் அவரை இறக்கவேண்டும். கொட்டகையில் பழைய முன்சக்கரங்கள் இரண்டையும் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள்.

“என்ன மூச்சு வாங்குது?”

“ஒண்ணுமில்ல. டயர் கட்டிட்டிருக்கேன்.”

“அதான் மாட்டியாச்சுன்னு காலையில சொன்னீங்களே.”

“கழட்டறதுக்கு.”

“அம்மா எங்க?”

“மேல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நிழல்ல உக்காந்திருக்காங்க.”

“உங்க குரல் நல்லா இல்லையே.”

“என் குரல் என்னைக்கு நல்லா இருந்துச்சு? வை, அப்புறம் பேசறேன்.”

ஜாக்கி, ஒரு பாட்டில் பிரேக் எண்ணெய், மரக்கட்டை, கந்தல் துணி. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு மறுபடி ஏறினான். பின்சுமை வளைவுக்கு வளைவு அவனைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது மாமனாரும் மாமியாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் தன் சேலைத் தலைப்பை எடுத்து அவர் தலைக்குமேல் குடை மாதிரிப் பிடித்திருந்தார். தட்டைக் கல்லைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்து, முன்சக்கரங்களைக் கழற்றிப் பழையதை மாட்டினான். குழாய் ஒழுகல் அவனுக்குப் பழக்கப்பட்ட எதிரிதான். அறுந்த இடத்துக்கு மேலே துணியைச் சுற்றி, கவ்வினால் பூட்டிக்கொள்ளும் குறடால் குழாயை நெரித்துக் கட்டினான். அந்த ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது, மற்ற மூன்றுக்கும் உண்டு. எண்ணெய் ஊற்றி மிதித்துப் பார்த்தான். பிரேக் மிதி கல்லாக நின்றது. ஐம்பது தடவை மிதித்தான். மாமியார் எண்ணிக்கொண்டே நின்றார்.

“நான் தனியா இறக்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டான். “அப்புறம் வந்து மாமாவை...”

“எதுல வருவீங்க? மறுபடி இதே வண்டியிலதானே?” என்றார் மாமனார். “நான் உக்காந்துக்கறேன் மாப்பிள்ளை. நீங்க ஓட்டினா எனக்குப் பயமில்ல.”

அவனுக்குத்தான் பயம். மாமியார் மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். “நான் சக்கரத்துக்குப் பக்கத்துலயே நடந்து வர்றேன். ஏதாவதுன்னா கட்டையைப் போட்டுடுவேன்.”

மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். சின்ன கியரில் வண்டி நடந்தது. பக்கத்தில் மாமியார் கட்டையைப் பிள்ளையைப்போல் இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தார். எந்த ஊர்வலத்திலும் பின்னால் நடந்து பழகாத மனுஷி.

மாமனார் மெல்லப் பேசினார். “அவ தைரியசாலின்னுதானே எல்லாரும் சொல்றீங்க?”

“மாமா, பேசாம வாங்களேன். எனக்கு...”

“நீங்க ஓட்டுங்க, நான் சொல்றேன். அன்னைக்கு ஓடையில வண்டி மாட்டினதுலேர்ந்து அவ படுத்துத் தூங்கறதே இல்ல. உக்காந்தே தூங்கறா. நான் மூச்சு விடறேனான்னு கைய வச்சு வச்சுப் பாக்கறா. பயந்தாங்கொள்ளி. பயத்துலதான் இவ்வளவு பெரிசா டயர் கேட்டிருக்கா.”

அவன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அத்தனை வருஷமாக அந்த வீட்டில் தான் ஒருவன்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தது தப்பு என்று தோன்றியது.

ஓடை வந்தது. முன்சக்கரங்கள் சின்னதாகிவிட்டதால் வண்டியின் மூக்கு தாழ்ந்திருந்தது. பாறை தண்ணீருக்கு மேலே அரை அடி தெரிந்தது. மாமியார் செருப்போடு தண்ணீரில் இறங்கி, பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “வலது பக்கம் ஒடிங்க. இன்னும். போதும். நேரா வாங்க” என்றார். குரல் உறுதியாக வந்தது. அடியில் எதுவோ ஒருமுறை கீறியது. அவன் நெஞ்சு நின்றது, வண்டி நிற்கவில்லை. நாலு சக்கரமும் அக்கரை ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தான். மாமியார் இன்னும் ஓடைக்குள்ளேயே, கட்டையைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“வாங்க அத்தை” என்றான்.

“வர்றேன். கால் மரத்துப்போச்சு” என்றார். தண்ணீர் ஒன்றும் அவ்வளவு குளிர்ச்சி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். போனை வைத்ததும் கிளம்பி வந்திருக்கிறாள். அவள் வாய் திறக்கும் முன்னே மாமியார், “மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லச் சொல்லக் கேக்காம நான்தான் கிளம்பினேன்” என்றார்.

“இல்ல” என்றான் அவன். “நான்தான் ஆள் ஏத்திப் பாக்கல. காலி வண்டியைப் பாத்துட்டு சரின்னுட்டேன்.” கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றான். மனைவி பின்னாலேயே வந்து துண்டை நீட்டினாள்.

முப்பது இஞ்ச் டயர்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். மண் ஒட்டியிருந்ததற்காக முகத்தைச் சுளித்தார். பதிலுக்கு இருபத்தெட்டு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீளமான புதுக் குழாய் போட்டு, அதை டயர் எட்டாதபடி உள்பக்கமாக வளைத்துக் கிளிப் அடித்தான். அடிவயிற்றுக்கு ஒரு தடித்த தகடும் பூட்டினான். பிறகு மாமியாரை ஓட்டுகிற இடத்தில், மாமனாரைப் பக்கத்தில், பின்னால் நாலு டிரம் நிறையத் தண்ணீரோடு, வெயிலில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தான்.

“இடது பக்கம் ஒடிங்க அத்தை. அப்படியே பிடிங்க.”

“பிடிச்சிருக்கேன்.”

“மாமா, ரெண்டு தடவை குதிங்க. உக்காந்தபடியே.”

மாமனார் குதித்தார். வண்டி அமுங்கி எழுந்தது. அவன் கீழே படுத்தபடி இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் போனது. வலது பக்கமும் அப்படியே பார்த்தான். மறுபடி இடது பக்கம். மாமியார் ஒரு தடவைகூட நேரமாச்சு என்று சொல்லவில்லை. நடுவில் அவரே இறங்கி வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் குனிந்து, “எது அந்தக் குழாய்? எனக்கும் காட்டுங்க” என்று கேட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் மேலே கிளம்பியபோது அவன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனான். ஒவ்வொரு வளைவிலும் மண்ணைப் பார்த்தான். எங்கும் ஈரமில்லை. அடுத்த வாரமும் போனான். மூன்றாவது வாரம் அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு, கொட்டகையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்கும்வரை ஒரு நட்டும் பூட்டவில்லை.